ரோட்டைப் பார்த்த கொடி

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குடை பிடித்தபடி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மண்வெட்டி, முழங்கால் வரைக்கும் சேறு. மேலே வானம் ஊற்றுகிறது, கீழே கிணற்று மோட்டாரும் தன் பங்குக்கு ஊற்றுகிறது. ரோட்டோடு போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, என்ன இது கூத்து என்று கேட்டாராம். "இன்னிக்கு என் முறை" என்று பதில் வந்ததாம். அன்றிலிருந்து அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் பத்திரத்தோடு சரி.

இதை வைத்து அவரைக் கிறுக்கர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்து மேல்துண்டை மகனுக்கும் கீழ்த்துண்டை மகளுக்கும் கொடுத்தார். கிணற்றைப் பிரிக்க முடியாதே. அதனால் ஒரு நாள் தண்ணீர் அண்ணனுக்கு, மறுநாள் தங்கைக்கு என்று ஏற்பாடு. இன்றைக்கு எனக்கு வேண்டாம் என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால், நாளைக்கு வாயைத் திறந்து கேட்க முடியுமா? அன்றைக்கு வேண்டாம் என்றுதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா? செடிக்குத் தாகம் இருக்கிறதோ இல்லையோ, முறை வந்தால் மோட்டார் ஓடியே தீரும். குடைக்காரருக்குத் தண்ணீர் என்பது பயிர் குடிப்பது அல்ல, உரிமை.

அப்பா காலத்தில் இதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. பகலில் இறைத்த கிணறு விடிவதற்குள் ஊறிவிடும். இப்போது அந்தக் கதையெல்லாம் செல்லாது. மழை வராமல் இல்லை, வருகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் நிதானமாகப் பெய்ய வேண்டியது ஒரே சாயங்காலத்தில் பேயாய்ப் பெய்து, மேல்மண்ணை வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கிணறு ஊற வழியேது? அண்ணன் முறையன்று அடிமட்டம் வரை இறைத்துவிட்டால், மறுநாள் தங்கை மோட்டாரைப் போட்டுக் காலைச் சாப்பாடு முடிப்பதற்குள் அது காற்று வாங்க ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் அவளுடைய பீன்ஸ் பூத்து நிற்கும்போது இப்படித்தான் கருகியது. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் அண்ணன் முகத்துக்கு நேரே கொட்டித் தீர்த்துவிடுவாள். ஆனால் அந்தத் தடவை அவள் சண்டை போடவில்லை. இந்த ஒரு போகம் பார்க்கிறேன், இதுவும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் அங்கே பஸ் ஓட்டுகிறார். வந்துவிடு, வந்துவிடு என்று அவர் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. கீழ்த்துண்டை வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தார். கால் வைத்த இடத்திலெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் அவர். பக்கத்தில் அவர் ஒன்று போட்டால், அப்பா வெட்டிய கிணறு குப்பை கொட்டத்தான் உதவும்.

குடைக்காரர் ஊரில் எல்லோரிடமும் கிணற்றைப் பற்றித்தான் கவலைப்பட்டார். உண்மையில் அவர் பயந்தது வேறு எதற்கோ. கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். காலையில் எழுந்ததும் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து நாலு வார்த்தை திட்டு காதில் விழாவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. அவள் போய்விடுவாளே என்பதுதான் அவருடைய பயம். அதற்காக முறையை விட்டுக்கொடுக்கலாமே என்று யாராவது கேட்டிருந்தால், அது வேறு இது வேறு என்று சொல்லியிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் விவசாய ஆபீசரம்மா ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தாடைக்குக் கீழே கயிறு கட்டிய பெரிய தொப்பி, தூசி தின்று கரகரத்துப்போன குரல். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் சின்ன விவசாயிகளுக்கு வழி சொல்வதுதான் அவருடைய வேலை. கையில் புனல் மாதிரி ஒன்று வைத்திருந்தார். அதன் மூக்கிலிருந்து மேல்நோக்கி ஒரு குழாய் வளர்ந்திருந்தது. குழாயின் உச்சியில் ஒரு சிவப்புக் கொடி படுத்துக் கிடந்தது. புனலை ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். பாய்ச்சும் தண்ணீர் வேர் வரைக்கும் இறங்கிவிட்டால் புனலில் சொட்டும், சொட்டினால் உள்ளேயிருக்கும் மிதவை எழும்பும், கொடி டக்கென்று நிமிரும். அவ்வளவுதான், செடிக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஊற்றுவதெல்லாம் மண்ணுக்குள் போய் யாருக்கும் இல்லாமல் ஆகும் தண்ணீர். மறுபடி கொடியைப் படுக்க வைக்க, ஊசி இல்லாத சிரிஞ்சால் புனலில் இருக்கும் நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

தங்கை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வயிறு நெறஞ்சா தானா எந்திரிச்சு சொல்லிடுமா? எங்கண்ணனுக்கு இப்படி ஒண்ணு பொருத்த முடியுமா மேடம்?" என்றாள். ஆபீசரம்மா தொப்பிக்குள் சிரித்துக்கொண்டார்.

இனிமேல் நாள் கணக்கு வேண்டாம், கொடிக் கணக்குப் போதும் என்பது அவருடைய யோசனை. பாய்ச்சும் அன்று முதலில் அண்ணன் மடை. அவர் கொடி நிமிர்ந்ததும் மடையை மூடித் தங்கைக்குத் திருப்ப வேண்டும். அவள் கொடியும் நிமிர்ந்தால் மோட்டாருக்கு ஓய்வு, கிணறு ஊறட்டும். குடைக்காரருக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. முறையைப் போய் ஒரு புனலிடம் கொடுப்பதா? வேண்டவே வேண்டாம் என்று சொல்ல அவர் தொண்டையைக் கனைத்தார். அந்த நேரம் பார்த்து ஆபீசரம்மா, உங்கள் வயலைத்தான் மாதிரி வயலாக வைத்துக்கொள்ளப் போகிறோம், மற்ற ஊர் விவசாயிகளை வேனில் கூட்டி வந்து காட்டுவோம் என்றார். மாதிரி வயல். அந்தச் சொல் குடைக்காரரின் காதுக்குள் போய் நேராகத் தலைக்கு ஏறிவிட்டது. கனைத்த தொண்டையை அப்படியே திருப்பி, நாட்டுக்கு நல்லதென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆபீசரம்மா இரண்டு வயலிலும் தானே இறங்கிக் கொடியை நட்டார். குடைக்காரரின் தக்காளி வயலில், செடி வரிசைகளுக்கு நடுவே ஓடும் சால் வழியாக உள்ளே நடந்து, முக்கால் தூரம் போய், நடுவில் குழி தோண்டிப் புதைத்தார். கைகழுவினார், ஸ்கூட்டரை உதைத்தார், போய்விட்டார். அடுத்த ஊரில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எதற்காக முக்கால் தூரம் என்று அவரும் சொல்லவில்லை, குடைக்காரரும் கேட்கவில்லை.

குடைக்காரர் ரோட்டில் போய் நின்று பார்த்தார். கொடி தெரியவில்லை. கிழக்கே தள்ளி நின்று பார்த்தார், மைல்கல்லில் ஏறி நின்று பார்த்தார், தக்காளி இலைதான் தெரிந்தது. மாதிரி வயல் என்றால் நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா? ஸ்கூட்டர் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் கடப்பாரையோடு உள்ளே இறங்கிவிட்டார். கொடியைப் பதமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து, வயலின் தலைப்பில், ரோட்டோரம், மடை வாய்க்குப் பக்கத்திலேயே நட்டார். சுற்றிலும் நாலு கல்லைப் பதித்து வெள்ளையும் அடித்தார். மனைவி தக்காளிக் கூடையோடு அந்த வழியாக வந்தாள், அதைப் பார்த்தாள், அந்தம்மா உள்ளே வைத்ததை ஏன் வெளியே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கேட்டுப் பழகிய பதில்தான்.

முதல் பாய்ச்சல். மடையைத் திறந்துவிட்டுக் குடைக்காரர் டீயைக் கையில் எடுத்தார். பாதி டம்ளர் குடிப்பதற்குள் கொடி டக்கென்று நிமிர்ந்துவிட்டது. பெருமையில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோட்டில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். படைத்தளபதி மாதிரி நடந்துபோய் மடையை மூடித் தண்ணீரைத் தங்கைக்குத் திருப்பினார். அங்கே கொடி எழும்ப மத்தியானம் தாண்டிவிட்டது. உன் மண்ணு சோம்பேறி மண்ணு, உன்னை மாதிரியே என்று அண்ணன் கிண்டலடித்தார்.  இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கையின் பீன்ஸ் கடைசி வரிசை வரைக்கும் நனைந்திருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்பேறியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குடைக்காரரின் புகழ் பரவியது. டீ குடிக்கிற நேரத்தில் வயலை நனைக்கிறவர் என்று பேசிக்கொண்டார்கள். சைக்கிளிலும் பைக்கிலும் வந்து இறங்கிக் கொடியைப் பார்த்தார்கள். ஆபீசரம்மா போனில் கேட்டபோதெல்லாம், முதல் ஆளாக என் கொடிதான் ஏறுகிறது என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு நூறு ஊர் வேலை. நல்ல மண் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போனை வைத்துவிட்டார்.

நாலைந்து பாய்ச்சல் இப்படிப் போனது. பிறகு வயலின் கடைக்கோடியில் தக்காளி இலைகள் மத்தியானமானால் சுருள ஆரம்பித்தன. வெயில் அப்படி என்றார் குடைக்காரர். சாயங்காலமும் அவை விரியவில்லை. பூச்சி என்று சொல்லி மருந்து அடித்தார். பூ உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் கண் வைத்துவிட்டார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு செடியடியில் கையால் தோண்டினார். முழங்கை ஆழம் போயும் மண் மாவாகத்தான் வந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கொடி மடை வாயில் இருக்கிறது. தண்ணீர் வயலுக்குள் நுழைந்ததும் முதலில் நனைவது அந்த இடம்தான். அங்கே நனைந்ததும் கொடி ஏறுகிறது, இவரும் மடையை மூடுகிறார். கடைக்கோடிக்குத் தண்ணீர் எப்படி வந்து சேரும்? ஆபீசரம்மா முக்கால் தூரம் நடந்துபோய் நட்டது எதற்காக என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

சரி, கொடி ஏறினாலும் கண்டுகொள்ளாமல் கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த தடவை முயற்சி செய்தார். நடக்கவில்லை. ஊரே பார்க்கட்டும் என்று நட்ட கொடியை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணே, கொடி ஏறிடுச்சு, மடைய மூடுங்க" என்று பைக்கில் போகிறவன் கத்துகிறான். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கை காட்டுகிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக நின்று ராகம் போட்டுக் கூவுகிறார்கள். இவ்வளவு பேருக்கு நடுவே மூடாமல் இருக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். கொடியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாமென்றால், ஏன் மாற்றினாய் என்று கேட்காத ஆள் இருக்க மாட்டான். சோம்பேறி மண் என்று தங்கையைக் கிண்டலடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அந்த வாரம்தான் ஆபீசரம்மா போன் செய்தார். வேன் வருகிறது, மூன்று ஊர் விவசாயிகள், நீங்கள்தான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். போனை வைத்ததும் குடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். கருவி பழுது என்று சொல்லிவிடுவது. புனலில் ஓட்டை, மிதவையில் கோளாறு, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், புனல் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. மனைவியிடம் ஒத்திகையும் பார்த்தார். அவள் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"நல்லா சொல்லுங்க," என்றாள். "கொடி சரியில்லைன்னா அந்தம்மா எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பழையபடி உங்க முறைதான். உங்க தக்காளியும் பொழைச்சுக்கும். தங்கச்சிக்கு மட்டும் பஸ் ஏற்பாடு பண்ணிடுங்க."

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் அன்று அவள் நன்றாகத்தான் சமைத்திருந்தாள்.

வேன் வந்தது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். ஆபீசரம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பியதும் வெள்ளைக் கல்லுக்கு நடுவே நிற்கும் கொடியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார், மடை வாயைப் பார்த்தார், குடைக்காரரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.  தொப்பிக் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

குடைக்காரர் பேசத் தொடங்கினார். தலைப்பில் செடியெல்லாம் தளதளவென்று நின்றதால் பேச்சும் தளதளவென்று வந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா, வயலைக் கடைசி வரைக்கும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். உள்ளே வெயில் ஜாஸ்தி என்றார் இவர். நாங்கள் என்ன நிழலிலா விவசாயம் செய்கிறோம் என்றாள் அவள். பாம்பு நடமாட்டம் இருக்கிறது என்றார். பாம்பு எங்கள் ஊரிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் சாலில் இறங்கி நடந்தாள், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். டீ ஆறிப்போய்விடும் என்று குடைக்காரர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கடைக்கோடியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். செடிகள் கழுத்து ஒடிந்தது போலத் தொங்கிக்கொண்டிருந்தன.  முதலில் நடந்த அந்த அம்மாதான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் விட்டுப் பார்த்தாள். "என்னங்க, கொடி உங்களை ஏமாத்திடுச்சா?" என்று இரக்கத்தோடு கேட்டாள்.

இதைவிட வசதியான வாசல் யாருக்கும் திறக்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடைக்காரர் வாயைத் திறந்தவர், வரப்புக்கு அந்தப் பக்கம் தங்கை நிற்பதைப் பார்த்துவிட்டார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் பீன்ஸ் மொட்டுவிட்டிருந்தது. பேசாத நேரமென்று ஒன்று இல்லாத அவள், அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று வாய் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். போன வருஷமும் சண்டை போடாமல் இதே மாதிரிதான் நின்றாள். 

"கொடி மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். "இந்தம்மா உள்ள சரியான எடத்துலதான் நட்டாங்க. ரோட்டுல போறவன் பாக்கணும்னு நான்தான் பிடுங்கிட்டுப் போயி மடை வாயில வச்சேன். அது என்ன பண்ணும், அது நின்ன எடத்து ஈரத்தச் சொல்லுச்சு."

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே வீட்டு வாசலுக்கு நேரே நடலாம் என்றுதான் வேனில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்ல, இன்னும் இரண்டு பேர் நாங்களும்தான் என்றார்கள். தப்பு என்னுடையதும்தான், எதற்காக அங்கே நடுகிறேன் என்று சொல்லாமல் நட்டுவிட்டுப் போனேன் என்றார் ஆபீசரம்மா. குடைக்காரருக்கு மெல்ல உயிர் வந்தது. உயிர் வந்ததும் பேச்சும் வந்தது. தலைப்பில் வைத்தால் என்ன ஆகும், தாழ்வான பள்ளத்தில் வைத்தால் என்ன ஆகும், வெள்ளையடித்த கல்லால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று வரிசையாக எடுத்துவிட்டார். தப்பாக வைத்துப் பார்த்த அனுபவம் இந்த வட்டாரத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு என்று சொன்னபோது அவர் நெஞ்சு பழைய அளவுக்கே நிமிர்ந்திருந்தது. அடுத்த மாதம் எங்கள் ஊருக்கும் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் அழைப்பு வருமென்று நினைத்திருந்தேன், உங்களுக்கு இதற்கும் வருகிறதே என்று மனைவி வியந்துபோனாள்.

அன்றைக்கே கொடி பழைய இடத்துக்குப் போனது. எல்லாம் சுபம் என்று இங்கே முடித்துவிடலாம்தான். ஆனால் கிணறு ஒன்று இருக்கிறதே, அதற்கு யாருடைய மனமாற்றமும் தெரியாது.

அடுத்த பாய்ச்சல் அந்தப் போகத்திலேயே கொடுமையான வாரத்தில் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மழை வருவதாக ரேடியோ சொல்லிச்சொல்லி அதற்கே அலுத்துப் போயிருந்தது. தங்கையின் பீன்ஸ் முழுக்கப் பூத்திருந்தது. இந்தத் தண்ணீர் கிடைத்தால் பூவெல்லாம் காயாகும், கிடைக்காவிட்டால் போன வருஷக் கதைதான். அது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவளுடைய வீட்டில் ஒரு பெட்டி பாதி அடுக்கித் திறந்தே கிடப்பதை மனைவி பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தாள்.

குடைக்காரர் விடிந்ததும் மடையைத் திறந்தார். தண்ணீர் சால்களில் ஊர்ந்து போனது. பாதி வயல் வரைக்கும் நன்றாகத்தான் போனது, அதற்கப்புறம் வெறும் உலர்ந்த மண். போகிற தண்ணீரையெல்லாம் அது நின்ற இடத்திலேயே குடித்தது. குடைக்காரர் கொடிக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்தார். அது அசையவில்லை. டீ வந்தது, ஆறியது. வெயில் உச்சிக்கு வந்தது. தங்கை வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டிக் காம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், தண்ணீர் கேட்கவில்லை. அவள் கேட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவருக்கு இருந்தது. கேட்டால் கோபப்படலாம்.

கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். நேற்றுவரை தெரியாத கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. கொடி நிமிரும்வரை விட்டால் கடைக்கோடிச் செடிகளில் பாதியாவது தலைதூக்கும். ஆனால் கீழே மிச்சம் ஒன்றும் இருக்காது, தங்கைக்கு மோட்டார் காற்றைத்தான் இறைக்கும். நியாயம் அவர் பக்கம் இருந்தது. பழைய முறைப்படி பார்த்தாலும் அவர் பக்கம், புதிய முறைப்படி பார்த்தாலும் அவர் பக்கம். கொடி எழவில்லையே, யார் என்ன சொல்ல முடியும்?

அவர் திரும்பி வந்து ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நின்றால் மனசு மாறிவிடும் என்று அவருக்கே தன்னைப் பற்றித் தெரியும். நேராக மடைக்குப் போய் மண்ணை வெட்டி இழுத்து அடைத்தார். தண்ணீர் தயங்கித் தேங்கி, பிறகு தங்கை வயலைப் பார்த்து ஓடியது. "கொடி ஏறிடுச்சு, திருப்பிட்டேன், மடையப் பாரு" என்று அங்கிருந்தே கத்தினார். அவள் தடதடவென்று ஓடினாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவளுடைய கொடி நிமிர்ந்தது. அவள் மடையை அடைத்த கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் காற்று வாங்கத் தொடங்கியது. குடைக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாத மோட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை அண்ணன் பேச்சை எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறாள்? வரப்பைத் தாண்டித் தக்காளிக்குள் இறங்கினாள். கடைக்கோடி வெடித்துக் கிடந்தது. முக்கால் தூரத்தில் கொடி படுத்துக் கிடந்தது.

மோட்டார் ரூமுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, உன் கொடி ஏறவே இல்லையே."

"ஏறுச்சு. எறங்கியிருக்கும்."

"அது தானா எறங்காது. தண்ணிய உறிஞ்சி எடுத்தாத்தான் எறங்கும்."

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "கோடில நிக்கிற செடி எப்படியும் போச்சு. உன்னுது பூத்து நிக்குது. அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்காத."

அவளுக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது ஏதாவது திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. துணியை அவர் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்குப் போ, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள். அது அவருக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவரும் மனைவியும் பறித்த தக்காளியைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தங்கை வரப்பு மேட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். அவளுடைய குரலுக்கு போன் எதற்கு என்று ஊரில் சொல்வார்கள். மறுமுனையில் பஸ் டிரைவர், சாமான் ஏற்ற வண்டிக்கு எப்போது சொல்லட்டும் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வண்டியெல்லாம் வேணாங்க," என்றாள் அவள். "பீன்ஸ் காய்ச்சிடும். நான் வரல, நீங்க லீவு போட்டு வாங்க. பறிக்க ஆள் வேணும். நமக்கு மட்டும் இல்ல, எங்கண்ணனுக்கும் சேத்து இந்த வருஷம் நாமதான் காய்கறி குடுக்கணும்."

குடைக்காரர் கூடையைக் கீழே வைத்தார். அவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மனைவி பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.